பாக்கெட்டின் பின்பக்கம் என்ன எழுதலாம்?

சிறுதொழில் நடத்தும் சென்னை வாசகிகள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தே சாம்பார்ப் பொடி, ரசப்பொடி செய்து விற்கிறேன். பாக்கெட்டில் ‘பாட்டியின் கைமணம், பாரம்பரியச் சுவை’ என்று போட்டிருக்கிறேன். ஒரு தடவை வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். பிராண்டுக்குக் கதை வேண்டும் என்கிறார்கள். சொல்லும்படியாக என்னிடம் கதை எதுவும் இல்லையே?

திரும்ப வருகிறார்கள் என்றால் பொடியில் குறை இல்லை, பாக்கெட்டில்தான் குறை. பாட்டியும் கைமணமும் நங்கநல்லூரிலிருந்து பெரம்பூர் வரை எல்லாப் பொடி பாக்கெட்டிலும் இருக்கிறார்கள். அதைப் படிப்பவருக்கு உங்கள் பொடிக்கும் பக்கத்துப் பொடிக்கும் என்ன வித்தியாசம் என்று எப்படித் தெரியும்? உங்களுக்கான கதை உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.

ஒரு வாரத்துக்கு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ‘இதை இப்படித்தான் செய்வேன்’ என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கும் இடங்களை மட்டும் அதில் குறியுங்கள். வெந்தயத்தைக் கடைசியில், தனியாக, சிறு தீயில் வறுப்பீர்கள். கொஞ்சம் கருகினாலும் கசப்பு மொத்தப் பொடியிலும் ஏறிவிடும். மில்லில் உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். அதனால் முதலில் விழும் இரண்டு கைப்பிடிப் பொடியை ஒதுக்கிவிடுவீர்கள். அரைத்து வரும் பொடி கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அப்படியே கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். அதற்காகத் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடி, நான்கைந்து மணி நேரம் ஆறவிடுவீர்கள்.

குறித்த ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேளுங்கள். ஏன் செய்கிறேன்? செய்யாவிட்டால் என்ன கெடும்? வாங்கியவர் கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? மூன்றாவதற்கு ‘முடியும்’ என்று பதில் வருவது மட்டுமே பாக்கெட்டில் ஏற வேண்டும். எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

‘வெந்தயத்தைக் கடைசியில் தனியாக, சிறு தீயில் வறுக்கிறோம். கருகினால் சாம்பார் கசக்கும். மில்லில் முதலில் விழும் இரண்டு கைப்பிடிப் பொடியைச் சேர்ப்பதில்லை. அரைத்த பொடியை நான்கைந்து மணி நேரம் ஆறவிட்டே கட்டுகிறோம். பிரித்ததும் முதலில் மல்லி வாசம் வர வேண்டும். வராவிட்டால் பாட்ச் எண்ணோடு எங்களுக்குச் சொல்லுங்கள்.’

கடைசி இரண்டு வரிதான் இதில் கனமானது. அதை எழுதத் துணிவு வேண்டும், சொன்னபடி போனை எடுக்கவும் வேண்டும். ‘கைமணம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இந்தப் பொறுப்பு எதுவும் கிடையாது. வாங்குபவர் அதைத் தாண்டிப் போவதற்குக் காரணமும் அதுதான்.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. ‘இரண்டு நாள் வெயிலில் காயவைத்த மிளகாய்’ என்பது சித்திரையில் உண்மை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் எந்த மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயில் கிடைக்கும்? அந்த மாதங்களில் வாணலியில் சூடுகாட்டித்தான் ஈரத்தைப் போக்குவீர்கள். ஆகவே ‘ஈரம் போக உலர்த்தி’ என்றே எழுதுங்கள். மே மாதமும் நவம்பர் மாதமும் ஒரே மாதிரி உண்மையாக இருக்கும் வரியை மட்டும் அச்சடியுங்கள். பாக்கெட் கதைகள் பொய்த்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை; ஒரு நல்ல நாளில் செய்ததை எல்லா நாளுக்குமாக எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்று பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கோதுமை இருந்தால் உங்கள் லேபிளிலும் ஒவ்வாமைக் குறிப்பாக அதைச் சொல்லியாக வேண்டும். ‘க்ளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாதது’ என்று போடவே கூடாது.

இனி இடம். சட்டம் கேட்பவைதான் முதலில் உட்கார வேண்டும்: பொருளின் பெயர், எடையில் அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், நிகர எடை, எம்ஆர்பி, பாட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உங்கள் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண். இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அச்சடித்துவிட்டுப் பிறகு ஸ்டிக்கரைக் கிழித்தவர்கள் உண்டு. இவ்வளவும் போக 200 கிராம் பௌச்சின் பின்பக்கத்தில் கதைக்கு மிஞ்சுவது 40, 50 சொல்லுக்கான இடம். மேலே உள்ள மாதிரி அந்த அளவுக்குள்தான் இருக்கிறது.

ஆண்டர்சன் தெருவிலோ வேறெங்கோ அச்சுக்குக் கொடுக்கும்போது தமிழ் எழுத்து உடைகிறதா என்று பாருங்கள். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தள்ளி நிற்கும். டிசைனருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அது அவர் கண்ணில் படாது. எழுத்தை அவுட்லைனாக, அதாவது உடையாத கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். நிஜ அளவில் ஒரு ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, வெட்டி பௌச்சில் ஒட்டி, கையை நீட்டிப் பிடித்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். முதல் தடவை 200 ஸ்டிக்கர் போதும். இரண்டு மாதத்தில் எப்படியும் ஒரு வரியையாவது மாற்றுவீர்கள்.

சத்துமாவு செய்கிறேன். என்னிடம் வாங்கும் ஓர் அம்மா, இதைக் குடித்து சர்க்கரை அளவு குறைந்தது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அது உண்மை. அவர் சம்மதத்தோடு போடலாமா? — பெரம்பூர் வாசகி

போடாதீர்கள். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், சம்மதமும் இருக்கட்டும், அதைப் பகிரும்போது விளம்பரம் செய்வது நீங்கள்தான். குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் சட்டம் தடுக்கிறது; நீரிழிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. உணவைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அதைப் படித்துவிட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு?

சொல்லக் கூடியதைச் சொல்லுங்கள். எத்தனை தானியம், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம், எதை முளைகட்டினீர்கள், ஒரு தம்ளர் கஞ்சிக்கு எத்தனை ஸ்பூன், எத்தனை நிமிடம் கிளற வேண்டும், கட்டி விழாமல் இருக்க முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பது வரை. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குக் கிளப்பிவிடும் தாய்க்கு இந்த விவரம் நூறு பாராட்டுச் செய்திகளைவிட உதவும். வெல்லம் சேர்த்திருந்தால் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதக் கூடாது. வாடகைக்குச் சமையற்கூடம் எடுத்து ஆள் வைத்துச் செய்யும் நிலைக்கு வளர்ந்துவிட்டால் ‘வீட்டில் செய்தது’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். தவறான எண்ணம் தரும்படி அதைப் பயன்படுத்துவதை 2018-ஆம் ஆண்டின் விளம்பர விதிமுறைகள் அனுமதிப்பதில்லை.

வியாசர்பாடியில் ஆறு பெண்களோடு துணிப்பை தைத்து விற்கிறேன். ‘லாபத்தில் 10 சதவீதம் பெண் குழந்தைகளின் கல்விக்கு’ என்று போட நினைக்கிறேன். தைப்பவர்கள் பட்ட கஷ்டங்களையும் எழுதலாமா?

முதலில் கணக்கு. லாபம் எவ்வளவு என்று உங்களுக்கே ஆண்டு முடிவில்தான் தெரியும், வாங்குபவருக்கு ஒருபோதும் தெரியாது. ‘லாபத்தில் 10 சதவீதம்’ என்பது அவர் காதில் விழாத வாக்கியம். ஒரு பைக்கு 5 ரூபாய் என்று சொல்லுங்கள். மாதம் 300 பை விற்றால் 1,500 ரூபாய். அதில் எத்தனை நோட்டு, எந்தப் பள்ளிக்கு வாங்கினீர்கள் என்று மாதம் ஒரு முறை பில்லோடு போடுங்கள். விற்காத மாதம் விற்கவில்லை என்றே போடுங்கள்.

ஆனால் உங்கள் தொழிலின் நோக்கம் நன்கொடையைவிடக் கிட்டத்திலேயே இருக்கிறது. 250 ரூபாய்ப் பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணி 70, கைப்பிடி, நூல், ஜிப் 25, அச்சு 15, போக்குவரத்து 20, தையல் கூலி 60 என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 60. ஒரு பை தைக்க 40 நிமிடம் ஆனால் தைப்பவருக்கு மணிக்கு 90 ரூபாய் கிடைக்கிறது. அந்தக் கூலியை டேகில் அச்சடிக்க உங்களால் முடியுமா? ‘இந்தப் பையின் விலையில் 60 ரூபாய் தைத்தவருக்கு’ என்ற வரியைவிட நல்ல வரி எங்களுக்குத் தெரியவில்லை. அதை அச்சடிக்கக் கூச்சமாக இருந்தால், கூலியை உயர்த்திவிட்டு அச்சடியுங்கள்.

கஷ்டங்களை எழுத வேண்டாம். குடிகாரக் கணவர், கடன், நோய் என்று எழுதினால் ஒரு பை இரக்கத்தில் விற்கும், இரண்டாவது பைக்கு ஆள் வராது. எழுதப்பட்ட பெண்ணோ தன் தெருவிலேயே தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கும். அவருடைய கைத்திறனை எழுதுங்கள்: பத்து கிலோ அரிசி போட்டாலும் பிரியாமல் இருக்கக் கைப்பிடி இறங்கும் இடத்தில் சதுரம் அடித்து, நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறியும் அடிக்கிறாரே, அதைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். பெயரும் முகமும் போடுவதானால் தமிழில் எழுதிய சம்மதத் தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வேலையை விட்டுப் போனபின் அவர் எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவோம் என்பதும் அதில் இருக்கட்டும்.

‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று மொட்டையாகப் போடுவதும் இப்போது சரிவராது. இத்தகைய சொற்களுக்கு ஆதாரமும் விளக்கமும் தர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ‘பருத்தித் துணி, பாலியெஸ்டர் நூல், நைலான் ஜிப்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மயிலாப்பூரில் சேலை விற்கிறேன். நெசவாளர் படத்தோடு ‘கைத்தறிக் கண்டாங்கி’ என்று இன்ஸ்டாகிராமில் போட்டால் நன்றாகப் போகிறது. கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் விசைத்தறியில் கட்டம் போட்டு ஓட்டிய சேலையை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. அது கண்டாங்கிபோலக் கட்டமிட்ட சேலை, அவ்வளவே. கைத்தறி என்று சொல்வதானால் கைத்தறி முத்திரை உள்ள இடத்தில் வாங்குங்கள். படத்தில் இருப்பவர் நெய்த சேலையைத்தான் அந்தப் படத்தோடு விற்க வேண்டும்.

தறிக்குப் போகும்போது கேட்டு எழுதிவர வேண்டியவை: நூல் எண் (நூலின் மென்மையைச் சொல்வது) என்ன, ஒரு பாவில் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) எத்தனை சேலை, ஒரு சேலைக்கு எத்தனை நாள், சாயம் எங்கே போட்டது, முதல் அலசலில் நிறம் இறங்குமா. காஞ்சிபுரம் கோர்வைச் சேலை என்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓடுவதையும், மறுபக்கம் நாடா தள்ள இன்னொருவர் உட்கார்ந்திருப்பதையும் 20 விநாடி வீடியோ எடுத்து வாருங்கள். விலை ஏன் அவ்வளவு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

கேமரா முன் பேசக் கூச்சம். முகம் காட்டாமல் வீடியோ போடலாமா? — ஆதம்பாக்கம்

தாராளமாக. கை போதும். ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்து உட்காருங்கள், ட்யூப்லைட்டை அணையுங்கள், போன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். அடுப்படியில் எண்ணெய்ப் படலம் படிந்துதான் படம் மங்கும். ஒரு வீடியோ 30 விநாடி, அதில் ஒரே ஒரு வேலை. வறுபடும் சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். குரல் கொடுப்பதானால் வாட்ஸ்அப்பில் தங்கைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதுபோலப் பேசுங்கள். எழுதி வைத்துப் படித்தால் செய்தி வாசிப்பதுபோல ஆகிவிடும்.

பிராண்டின் பெயரில் ‘ப்யூர்’ என்ற சொல் வரும்படி யோசித்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடலாமா? — தாம்பரம்

இரண்டும் வேண்டாம். உணவுப் பொருளின் பெயரில் ‘ப்யூர்’, ‘நேச்சுரல்’, ‘ட்ரெடிஷனல்’ போன்ற சொல் வந்து, அது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் என்றால், ‘இது பிராண்டு பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல’ என்று குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் அச்சடிக்க வேண்டும். நீங்கள் கட்டிய கதையை நீங்களே மறுத்துப் பாக்கெட்டில் போட்ட மாதிரி ஆகும். தரத்தைச் சொல்லும் சொற்களுக்கு வணிகக்குறிப் (டிரேட்மார்க்) பதிவு கிடைப்பதும் கடினம். தெருப் பெயர், செல்லப்பெயர், அடுப்படிப் பாத்திரத்தின் பெயர் என்று தேடுங்கள்.

வட்டத்துக்குள் ‘ஆர்’ என்பது வணிகக்குறிப் பதிவு முடிந்தவர்களுக்கு மட்டும். முன்கூட்டிப் போடுவது குற்றம். விண்ணப்பித்த பிறகு ‘டிஎம்’ போட்டுக்கொள்ளலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய். மசாலாப் பொடி 30-வது வகுப்பில் வரும், ஊறுகாய் 29-வது வகுப்பில். இரண்டும் விற்றால் இரண்டு கட்டணம். சென்னைக்கான வணிகக்குறிப் பதிவு அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் பெயரை இலவசமாகத் தேடிப் பாருங்கள், ஒலி ஒத்துப்போகும் பெயர்களையும் சேர்த்து.