எதிர் கார் பார்க்கிலிருந்து வீட்டுக்குள் பார்க்கிறான், போலீஸ் என்ன செய்யும்?

மலேசியாவின் ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: எதிர் கார் பார்க்கின் மாடியில் ஒரு ஆள் சாயங்காலமானால் வந்து நின்று, கைப்பேசியை என் அறை ஜன்னல் பக்கமே பிடிக்கிறான். செக்யூரிட்டி கார்டிடம் சொன்னால் “அது பொது இடம் அக்கா, ஒன்றும் பண்ண முடியாது” என்கிறார். ரிப்போர்ட் செய்தால் எடுப்பார்களா?

எடுக்க வேண்டும். பொது இடத்தில் நிற்க யாருக்கும் உரிமை உண்டு, சரி. ஆனால் அங்கே நின்று எதைப் பார்க்கிறான், எதற்காக என்பதுதான் கேள்வி. மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடுவதைத் தண்டனைச் சட்டம் 509-வது பிரிவு குற்றம் என்கிறது, 5 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். எங்கே நின்று செய்தான் என்ற நிபந்தனை அதில் கிடையாது. சிக்கலே அந்த நோக்கத்தை நிரூபிப்பதில்தான். “லைன் கிடைக்கல, அதான் மாடிக்கு வந்தேன்” என்று அவன் சொல்லிவிட்டால் வெறும் சந்தேகம் நிற்காது (நிஜமாகவே லைன் கிடைக்காதவனாகவும் இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள்).

அதனால் அதே சட்டத்தில் 2023-ல் வந்த, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கான 507ஏ பிரிவையும் மனதில் வைத்து ரிப்போர்ட் எழுதுங்கள். அடுத்தவருக்குப் பயமும் மன உளைச்சலும் வரும் என்று தெரிந்தும் 2 முறையாவது தொல்லை கொடுப்பது அதில் வரும், குடியிருப்பருகே சுற்றிக்கொண்டிருப்பதும் சேர்த்தி, 3 ஆண்டு வரை சிறை. விசாரணை நடக்கும்போதே பாதுகாப்பு ஆணை கேட்கவும் வழியிருக்கிறது. “காமுகன்” என்றெல்லாம் எழுத வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம், கைப்பேசி எந்தப் பக்கம், கார் நம்பர் தெரிந்தால் அது, இவைதான் விசாரணை அதிகாரிக்கு வேலைக்காகும். எந்த போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம், நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே, மேனேஜ்மென்ட் ஆபீசில் சிசிடிவி பதிவை எடுத்து வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள், பழையதன் மேல் புதியது ஏறிவிடும்.

அவன் நிற்கும்போதே அவசர எண் 999-ஐக் கூப்பிடலாம். கைப்பேசியைப் பிடுங்கப் போகாதீர்கள், அதைப் பறிமுதல் செய்து சோதிக்கும் அதிகாரம் போலீசுக்கு. முகத்தைப் படமெடுத்து பேஸ்புக்கில் போடவே வேண்டாம், ஆள் மாறியிருந்தால் அவதூறு வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010 இதற்கு உதவாது, அது வர்த்தகக் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும்.

அந்த அறையில் 18 வயதுக்குக் கீழ் பிள்ளை யாராவது இருந்தால் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே சொல்லுங்கள், 2017-ன் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தையும் பார்ப்பார்கள்.