பழைய ஸ்பேனர், பழைய இழைப்புளி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் '1/4 டபிள்யூ' என்று பொறித்த, கிங் டிக் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஸ்பேனர் ஒன்று கிடைத்தது. கால் அங்குலம் என்றால் 6 மில்லிமீட்டர் சொச்சம்தானே? வாயை அளந்தால் 13 மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கிறது. என்னிடம் உள்ள எந்த நட்டிலும் சரியாக உட்காரவில்லை. எண்ணைத் தவறாகப் பொறித்துவிட்டார்களா?
ம. செ., ஜெலுத்தோங்

பதில்: எண் சரிதான். அந்த எண் ஸ்பேனர் வாயின் அளவு அல்ல, அது பிடிக்கும் போல்ட்டின் தண்டு அளவு. 'டபிள்யூ' என்பது விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரை முறை இது. மரையின் கோணம் 55 பாகை. கால் அங்குலத் தண்டு கொண்ட விட்வொர்த் போல்ட்டின் தலை, ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம்வரை 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். நீங்கள் அளந்தது அதைத்தான்.

அதே ஸ்பேனரில் '5/16 பி.எஸ்.' என்று இன்னோர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 'பி.எஸ்.' பி.எஸ்.எஃப்.பைக் குறிக்கும், அதாவது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன். இந்த நுண்மரைப் போல்ட்டுகளுக்கு அதே தண்டில் தலை ஓர் அளவு சிறியது. ஆகவே 1/4 விட்வொர்த்தும் 5/16 பி.எஸ்.எஃப்.பும் ஒரே வாய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பை மிச்சம்பிடிக்க விட்வொர்த் போல்ட் தலைகளையும் அந்தச் சிறிய அளவுக்குக் குறைத்தார்கள். பழைய இயந்திரம் ஒன்றில் '3/8 விட்வொர்த் போல்ட்' என்று சொல்லப்பட்டதற்கு 3/8 ஸ்பேனர் தொளதொளவென்று ஆடினால் காரணம் இதுதான்.

மற்ற அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 5/16 விட்வொர்த் 0.600 அங்குலம், 15.2 மில்லிமீட்டர். 3/8 விட்வொர்த் 0.710 அங்குலம், 18 மில்லிமீட்டர். 1/2 விட்வொர்த் 0.920 அங்குலம், 23.4 மில்லிமீட்டர். 3/8-க்கு மட்டும் 18 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறைய ஒத்துப்போகும். மற்றவற்றில் மெட்ரிக் ஸ்பேனர் ஒன்று நுழையாது, இல்லாவிட்டால் ஆடும். 13.3 மில்லிமீட்டர் தலையில் 14-ஐப் போட்டு இழுத்தால் மூலைகள் உருண்டுவிடும். பிறகு அந்தப் போல்ட்டைக் கழற்ற உளியும் சுத்தியலும்தான் வழி.

'ஏ.எஃப்.' (அக்ராஸ் ஃபிளாட்ஸ்) என்று பொறித்திருந்தால் கணக்கு வேறு. அங்கே எண்ணே வாயின் அளவு. 1/2 ஏ.எஃப். என்றால் நேராக அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். மினி கார் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஏ.எஃப். வேண்டும். லிஸ்டர் எஞ்சின், பழைய பி.எஸ்.ஏ., நார்ட்டன் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு விட்வொர்த் வேண்டும். தோட்டத்து ரப்பர் ஆலைகளிலும் ஈயச் சுரங்கங்களிலும் பிரிட்டிஷ் இயந்திரங்கள் ஓடிய நாடு இது. அதனால்தான் நம் சந்தைகளில் விட்வொர்த் ஸ்பேனர்கள் இன்னும் தட்டுப்படுகின்றன. தோதான இயந்திரம் இல்லாதவருக்கு அது அழகுப் பொருள். இருப்பவருக்கோ அதை விட்டால் வேறு கதியில்லை. உங்களுடையதை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: சந்தையில் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பெயரைப் பார்த்து வாங்கினால் போதாதா?
த. கோ., பட்டர்வொர்த்

பதில்: பெயரைக் கடைசியாகப் பாருங்கள். கெடோரே, ஸ்டால்வில்லே, பிரிட்டூல், கே.டி.சி. எதுவானாலும் வாய் விரிந்துபோனால் அது எடைக்குப் போடும் இரும்புதான்.

சட்டைப்பையில் சின்ன வெர்னியர் காலிப்பர், கைவிளக்கு, ஒரு துணி இருந்தால் போதும். திறந்த வாய் ஸ்பேனரில் வாயின் நுனியிலும் அடியிலும் அளந்து பாருங்கள். நுனி 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் தாடை விரிந்துவிட்டது. வட்ட ஸ்பேனரில் உள்மூலைகளில் விளக்கை அடியுங்கள். மூலை கூர்மையாக இல்லாமல் மழுங்கிப் பளபளத்தால் வேண்டாம். பிறகு பிடியைக் கண்ணுக்கு நேராக வைத்து நீளவாக்கில் பாருங்கள். குழாய் மாட்டி இழுத்திருந்தால் பிடி வளைந்திருக்கும். பிடியின் முனையில் சுத்தியல் தழும்பு இருந்தாலும் யோசியுங்கள்.

மிக முக்கியமாக நிறத்தைக் கவனிக்க வேண்டும். வாய்ப் பக்கத்தில் நீலமோ வைக்கோல் நிறமோ படர்ந்திருந்தால் யாரோ நெருப்பில் காட்டியிருக்கிறார்கள். கடினப்படுத்திய எஃகை அப்படிச் சூடாக்கினால் பதம் இறங்கிவிடும். நெருப்பில் பட்ட கருவியைத் துரு நீக்கி மெருகேற்றிய பின் நிறம் தெரியாது. ஆகவே துருவோடு இருக்கும் கருவியை வாங்குவது, பளபளவென்று தேய்த்து வைத்ததை வாங்குவதைவிடப் பாதுகாப்பு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை வீட்டில் கண்டுபிடிக்கலாம். சுத்தம் செய்த கருவியில் மண்ணெண்ணெய் தடவிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து தூளில் ஈரக்கோடாகத் தெரியும்.

இழைப்புளியில் பார்க்க வேண்டியது வேறு. ரெக்கார்டு, ஸ்டான்லி இரண்டின் உடலும் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் உடையும். அடிப்பலகையில் கத்தி வெளிவரும் பிளவைச் சுற்றியும், பக்கச் சுவர்களிலும் மயிரிழைக் கோடு இருக்கிறதா பாருங்கள். கத்தியைக் கழற்றி அதன் பின்முகத்தைப் பாருங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஆழமான துருக்குழி இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு சில்லு சில்லாகத்தான் வரும்.

கேள்வி: வினிகரில் ஊறவைத்தேன். துரு போய்விட்டது, ஆனால் குறட்டின் ஒரு பாதி கறுத்து, நடுவில் கோடு விழுந்துவிட்டது. காய்ந்த ஒரு மணி நேரத்தில் மறுபடி செந்துரு. என்ன தவறு?
ப. ரா., பாயான் பாரு

பதில்: கோடு விழுந்ததற்குக் காரணம் கருவி முழுதும் மூழ்கவில்லை. திரவமும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில் அமிலம் அதிகமாக அரிக்கும். உயரமான பாத்திரத்தில் முழுக்க மூழ்கவிடுங்கள். கருமை வந்தது இயல்பு. பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். அந்தக் கோட்டுப் பள்ளம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

மறுபடி துரு வந்ததற்குக் காரணம் அமிலம் முழுதாக நீங்கவில்லை. முறை இதுதான். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பால் போக்குங்கள். பிசுக்கு உள்ள இடத்தில் வினிகர் வேலை செய்யாது. ஊறவைத்து ஆறு மணி நேரத்தில் ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். போதாவிட்டால் இரவு முழுதும் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். எடுத்ததும் ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து பத்து நிமிடம் போடுங்கள். பிறகு கழுவி, உடனே முடி உலர்த்தியால் சூடாக உலர்த்தி, சூடு ஆறும் முன்பே எண்ணெய் பூசுங்கள். பினாங்குக் காற்றின் ஈரத்தில் வெறும் இரும்பு சில நிமிடங்களில் நிறம் மாறும்.

வினிகருக்குப் பதில் சிட்ரிக் அமிலம் மலிவு. பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம், அதே எச்சரிக்கைகள்தான். ஸ்பிரிங், ரம்பத் தகடு போன்றவற்றை எந்த அமிலத்திலும் நெடுநேரம் விடக்கூடாது. கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து உடையும் தன்மை வந்துவிடும். அவற்றை எண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு பொறுமையாகத் தேய்ப்பதே நல்லது.

மின்சார முறையைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். நாலு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், கருவியில் நெகட்டிவ், கட்டுமானக் கம்பி போன்ற சாதாரண இரும்பில் பாசிட்டிவ். எவர்சில்வரைப் பாசிட்டிவில் மாட்டாதீர்கள், குரோமியத்தின் நச்சுச் சேர்மம் கரைந்து வரும். குரோம் பூச்சுள்ள ஸ்பேனரையும் இதில் போடாதீர்கள். சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வரும். கிளம்பும் ஹைட்ரஜன் எரியக்கூடியது, ஆகவே வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகே தண்ணீரில் கை வைக்கலாம்.

கேள்வி: குரோம் உரியும் ஸ்பேனரை என்ன செய்வது?
சு. வி., ஆயர் ஈத்தாம்

பதில்: உரிந்த விளிம்பு சவரத் தகடு போல வெட்டும். அதைக் கையுறை இல்லாமல் இழுத்துப் பயன்படுத்த வேண்டாம். அலமாரியில் வைக்கலாம்.

கேள்வி: பழைய அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் திருகு உருளை அசையவே இல்லை. அடுப்பில் காட்டலாம் என்கிறார் நண்பர்.
ந. மா., நிபோங் திபால்

பதில்: வேண்டாம், பதம் இறங்கிவிடும் என்று மேலே சொன்னதுதான். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சம அளவு கலந்து, உருளைக்குள்ளும் தாடை ஓடும் பள்ளத்திலும் விட்டு ஒரு நாள் வையுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உருளையின் அச்சு பல ஸ்பேனர்களில் பக்கவாட்டிலிருந்து திருகிய ஓர் ஆணி. அதன் வெட்டை முழுதாக நிரப்பும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். மெல்லியதைப் போட்டால் வெட்டு சிதைந்துவிடும். அச்சு வந்ததும் உள்ளே உள்ள சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடும், தட்டின் மேல் வைத்தே கழற்றுங்கள். பிறகு தாடை தானாக நழுவி வரும். பள்ளத்தைத் தேய்த்து, மெல்லிய எண்ணெய் பூசிப் பூட்டுங்கள்.

பூட்டிய பின் தாடையை நிலையான தாடையோடு ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒருபுறம் ஒட்டி மறுபுறம் வெளிச்சம் ஆப்பாகத் தெரிந்தால் பல் தேய்ந்திருக்கிறது, அதற்கு மருந்தில்லை. பயன்படுத்தும்போது இழுவிசை எப்போதும் நிலையான தாடையின் மேல் விழும்படி மாட்டுங்கள். இழுக்கும் திசைக்கு மாறாக மாட்டுவதால்தான் பாதிக்கு மேல் இப்படித் தேய்கின்றன.

குழாய் ரெஞ்சு வேறு வகை. டேனியல் ஸ்டில்சன் 1869-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இழுக்க இழுக்க இறுகும். அதன் பற்கள் தேய்ந்தால் அரத்தால் ராவி கூர்மையாக்க முயல வேண்டாம், மேற்பரப்பின் கடினம் போய்விடும். ரிட்ஜிட் போன்றவற்றுக்குத் தாடை, நட்டு, ஸ்பிரிங் உதிரியாகவே கிடைக்கும்.

கேள்வி: தயாரித்த ஆண்டை எப்படி அறிவது?
இ. பா., சுங்கை பக்காப்

பதில்: நாட்டின் பெயரே பல சமயம் சொல்லிவிடும். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் 1952-க்குள். மேல்நோக்கிய அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமை அடையாளம், அதன் அருகே ஆண்டு எண்ணும் பல கருவிகளில் இருக்கும். இவற்றை அரைக்கும் சக்கரத்தில் தேய்த்து அழித்துவிடாதீர்கள். சேகரிப்பவர் அந்த எழுத்துக்காகத்தான் கூடுதல் வெள்ளி கொடுக்கிறார்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பெயர் பாதி ராவிய நிலையில் உள்ள புதுக் கருவிகள் மலிவாக வருகின்றன. வாங்கலாமா?
பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜம்

பதில்: வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது மலேசியத் தண்டனைச் சட்டம் 411-ஆவது பிரிவின்படி குற்றம். பாதி ராவிய பெயர் அப்படி நம்புவதற்கு நல்ல காரணம்.