வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெற்றோருக்கு ‘டைம் பிளாக்கிங்’ எதற்கு?

ஒரே மாதிரியான வேலைகளைச் சேர்த்து, அவற்றுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் வேறெதையும் தொடாமல் இருப்பதுதான் டைம் பிளாக்கிங்.

காரணம் இதுதான். லேப்டாப்பில் கணக்குப் பார்க்கும்போது நடுவில் எழுந்து குக்கர் வைக்கிறீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்தாலும் மனசு கொஞ்ச நேரம் குக்கரிடமே இருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைக் ‘கவன எச்சம்’ என்று விளக்கினார். நாள் முழுக்க ஓடியும் எதுவும் முடியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், சோம்பல் இல்லை.

மதுரைச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுகளை எல்லாம் போட்ட பிறகுதான் சாயத்தில் முக்குவார்கள். ஒரு முடிச்சு, ஒரு முக்கு என்று போனால் சேலை எப்போது முடியும்? நம் வேலைகளும் அப்படித்தான்.

சரி, எங்கே தொடங்குவது? குழாயில் தண்ணீர் வரும் வேளை, பள்ளி வேன், பராமரிப்பு மின்தடை என்று நம் கையில் இல்லாதவற்றை முதலில் குறித்துவிடுங்கள். மிச்சத்தில் மீட்டிங், எழுத்து வேலை எல்லாம் பிள்ளை பள்ளியில் இருக்கும்போது. துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் நடக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு வேலைக்கு அரை மணிக்கு மேல் ஒதுக்கித் திட்டம் போடுவது வீண் ஆசை என்பேன்.

இதை நிமிடம் பிசகாத அட்டவணை என்று நினைத்து, ஒருமுறை தவறியதும் பலர் விட்டுவிடுகிறார்கள். தவறியதை நகர்த்திக்கொள்ளத்தான் தினமும் கொஞ்ச நேரத்தைக் காலியாக விடச் சொல்வது.