நெஞ்செரிவும் உணவுக்குழாயும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

விசுவமடுவிலிருந்து ஒருவர்: இரண்டு வருடமாக ஒமிப்ரசோல் குடிக்கிறேன் டொக்டர். எரிவு நிற்கவில்லை. இன்னும் பலமான மருந்து வேண்டுமா?

ஐயா, அதை எப்போது குடிக்கிறீர்கள்? எரியத் தொடங்கிய பிறகு விழுங்குபவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். இரைப்பை அமிலம் சுரக்க ஆயத்தமாகும் வேளையில் அந்தச் சுரப்பை அடக்குவதே இம்மருந்தின் வேலை. எனவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் குடித்து, பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். வழக்கமாக 20 மில்லிகிராம், 4 முதல் 8 கிழமை வரை, ஒரு நாளும் தவறாமல். அப்படிக் குடித்தும் நிற்காவிட்டால்தான் பலத்தைப் பற்றிப் பேசலாம். இரண்டு வருடம் ஆகிவிட்டதால், எப்படியும் ஒரு முறை கிளினிக்கில் காட்டுங்கள்.

யானைக் காவலுக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுக் கொட்டிலில் உடனே சாய்ந்தால், உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் அமிலத்தைத் தடுத்து வைக்கத் திணறும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு நசியும், எரிவு கூடும். இடப்பக்கம் சரிந்து படுப்பது நல்லது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி: எலிக்காய்ச்சல் வராமலிருக்கத் தந்த குளிசையை இரவு விழுங்கிவிட்டுப் படுத்தேன். விடிந்ததிலிருந்து எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு நோகிறது.

அது டொக்சிசைக்ளின். தண்ணீர் போதாமல் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து புண்ணாக்கிவிடும். பெரும்பாலும் சில நாட்களில் ஆறும். ஆறாவிட்டால் வைத்தியசாலைக்கு வாருங்கள். ஆனால் இதற்குப் பயந்து குளிசையைக் கைவிட்டுச் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் உயிரைக் குடிக்கும். அடுத்த தடவைக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பகலில், சாப்பாட்டோடு, ஒரு பெரிய குவளை தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள்.

முழங்காவிலிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சோறு நெஞ்சில் நிற்கிறது என்கிறார்; இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. உடம்பும் இளைத்துவிட்டது. வாய்வு என்று உள்ளி அவித்துக் கொடுக்கிறோம்.

தங்கச்சி, இது வாய்வு இல்லை. முதலில் சோறு தடைப்பட்டு, பிறகு கஞ்சிக்கு இறங்கினால் குழாய் ஒடுங்கி வருகிறது என்று பொருள். நெடுநாள் அமிலப் புண்ணின் தழும்பாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். புகையிலையோடு வெற்றிலை போடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கோபிப் பரிசோதனை அவருக்குத் தேவை. இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலையில் காட்டுங்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் தாமதிக்காமல் போங்கள். தழும்பு என்றால் அதே வழியில் விரித்துவிட முடியும். இரத்த வாந்தியோ, தார் போன்ற கறுப்பு மலமோ கண்டால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும்.

தொடக்கத்திலிருந்தே தண்ணீரும் சோறும் சேர்ந்து தடைப்படுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அடித்தசை திறக்க மறுக்கும் அக்கலேசியாவாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

முல்லைத்தீவிலிருந்து: நெஞ்செரிவையும் மாரடைப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

வீட்டில் வைத்துப் பிரித்தறிய முயல வேண்டாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோ என்றால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவே இல்லாமலும் வரும்.

மாங்குளத்திலிருந்து ஒரு கர்ப்பிணி: ஏழாம் மாதம். இரவில் தொண்டை வரை எரிகிறது.

கர்ப்பகால ஓமோன் உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையத்தைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை கீழிருந்து தள்ளுகிறது. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். அமில நீக்கி மருந்தைக் கிளினிக்கில் கேட்டு வாங்கலாம். இரும்புச்சத்துக் குளிசைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.