ஜெர்மன் பி1 தேறியும் பேச வரவில்லை என்றால், அந்த பி1 எதைத்தான் சொல்கிறது?

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் நான்கு பகுதிகளிலும் தேறிவிட்டேன், ஆனால் ஒரு ஜெர்மன்காரர் வீடியோவில் பேசினால் பாதி புரியவில்லை, பதில் சொல்லவும் வரவில்லை, பிறகு எதற்கு இந்த ஏ1, பி2 என்ற மொழித்திறன் நிலைகள் எல்லாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனிக்குப் போகும் செவிலியர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். வகுப்புக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். உங்கள் சான்றிதழில் தவறு எதுவும் இல்லை. அதில் எழுதாததையும் சேர்த்து நாம் எதிர்பார்க்கிறோம், அங்கேதான் சிக்கல்.

இந்த நிலைகளை வகுத்தது ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய அவை. ஐரோப்பிய ஒன்றியம் வேறு, இது வேறு. 2001இல் வெளிவந்த அந்தச் சட்டகத்தை, அதாவது மொழிகளுக்கான பொது ஐரோப்பியக் குறிப்புச் சட்டகத்தை, ஆங்கிலச் சுருக்கமாக சி.இ.எஃப்.ஆர். என்று சொல்வார்கள். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு படிகள். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என எந்த மொழிக்கும் பொருந்த வேண்டும் என்பதால், எந்த இலக்கணம் எந்தப் படியில் வரும் என்று அதில் இருக்காது. கற்பவரால் என்ன செய்ய முடியும் என்ற வாக்கியங்கள்தான் இருக்கும். அதனால் “பி1 புத்தகம் முடிச்சாச்சு” என்பதும் “நான் பி1” என்பதும் ஒன்றல்ல.

அந்த வாக்கியங்களைப் படிக்கும்போது எல்லோரும் தாண்டிப்போகும் ஒன்று உண்டு: நிபந்தனை. ஏ1இல் எளிமையாக உரையாட முடியும் என்று மட்டும் சொல்லவில்லை. எதிரே இருப்பவர் மெதுவாக, தெளிவாகப் பேசி, உதவவும் தயாராக இருந்தால் முடியும் என்றுதான் இருக்கிறது. பி1இல் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் இரண்டு நிபந்தனைகள்: பழகிய விஷயமாக இருக்க வேண்டும், பேச்சு வட்டார வழக்கில் இல்லாமல் தெளிவான பொதுமொழியில் இருக்க வேண்டும். பி2க்கு வந்தால்தான், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவரோடு இரு பக்கமும் சிரமப்படாமல் உரையாடும் சரளம் என்ற பேச்சே வருகிறது. உங்கள் வீடியோ நண்பர் தெற்கு ஜெர்மனியின் பவேரியப் பேச்சுவழக்கில், தன் வழக்கமான வேகத்தில் பேசியிருந்தால், பி1 உங்களுக்கு அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பாடநூல் தமிழ் மட்டும் படித்த ஒருவரை நாகர்கோவில் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அவருக்கு எவ்வளவு புரியும்?

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். சட்டகத்தோடு ஒரு சுயமதிப்பீட்டு அட்டவணை உண்டு. அதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் போக, பேச்சுக்கு மட்டும் இரண்டு வரிசைகள்: உரையாடுவது ஒன்று, தொடர்ந்து தனியாகப் பேசுவது இன்னொன்று. பி1 பேச்சுத் தேர்வை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகும் முன் தயாரித்துக்கொள்ள 15 நிமிடம் தருகிறார்கள். இருவர் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும், ஒரு தலைப்பில் சிற்றுரை ஆற்ற வேண்டும், அதைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். சிற்றுரையை நம் பிள்ளைகள் மனப்பாடமே செய்துவிடுகிறார்கள். தேறுவதற்கு 100க்கு 60 போதும். ஆக, தனியாகப் பேசுவதில் நல்ல பி1, உரையாடலில் ஏ2 என்ற நிலையிலும் ஒருவர் தேறிவிடலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஒருவருக்கு எல்லாத் திறனும் ஒரே படியில் இருக்காது என்பதைச் சட்டகமே ஏற்றுக்கொள்கிறது.

படிகளின் உயரமும் ஒன்றுபோல் இருக்காது. கோதே நிறுவனம் உத்தேசமாகச் சொல்லும் கணக்கு, 45 நிமிடப் பாடவேளைகளில், ஏ1க்கு 80 முதல் 200, பி1க்கு மொத்தம் 350 முதல் 650, பி2க்கு 600 முதல் 800. “ரெண்டே மாசத்தில் பி2” என்று விளம்பரம் பார்த்தால் இந்த எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். செவிலியர் பணிக்கான அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் பி2 கேட்பதை எங்கள் வகுப்பில் சிலர் அநியாயம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவுப் பணியில் ஒரு முதியவர் வலியில் முனகிக்கொண்டே சொல்வது புரிய வேண்டும். அவர் மெதுவாகவும் தெளிவாகவும் சொல்லப்போவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஐரோப்பிய அவையின் இணையதளத்தில் அந்த அட்டவணை இலவசமாகக் கிடைக்கிறது. பென்சிலால் ஒவ்வொரு வரிசையிலும் உங்கள் இடத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள். உரையாடல் ஏ2இல் நின்றால் உடனே பி2 வகுப்பில் சேர வேண்டாம். கொஞ்ச நாள் எழுதிவைக்காமல் பேசிப் பழகுங்கள், எதிரே ஒரு ஆள் இருந்தால் போதும். அப்புறம் பி2க்குப் பணம் கட்டுங்கள்.