கிரானைட் ஒரு கனிமமா?

கிரானைட் கனிமமா, பாறையா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாறை, பல கனிமங்கள் சேர்ந்தது. இயற்கையில் உருவாகி, குறிப்பிட்ட வேதிக்கலவையும் ஒழுங்கான படிக அமைப்பும் கொண்ட திடப்பொருள்தான் கனிமம். இந்துப்பு கனிமம். சர்க்கரையும் படிகம்தான், ஆனால் ஆலையில் செய்வதால் அது கனிமமாகாது.

பாலிஷ் போடாத கிரானைட் துண்டு ஒன்றை வெயிலில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சட்டென்று தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அது குறிப்பிட்ட தளங்களில் பிளக்கும். கண்ணாடிச் சில்லு மாதிரி ஒழுங்கில்லாமல் உடைந்து, சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். கரும்புள்ளியாக, ஊசியால் நெம்பினால் ஏடு ஏடாக உரிவது மைக்கா, நம் ஊர்க் காக்காப்பொன். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; குவார்ட்ஸே வெள்ளை, ஊதா, ரோஜா என்று பல நிறங்களில் கிடைக்கும். கடினத்தன்மை அதைவிட நம்பகமானது. 1812-இல் கனிமவியலாளர் மோஸ் வகுத்த, 1 முதல் 10 வரையிலான கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கத்தி ஏறக்குறைய 5.5 என்பதால் கத்தியால் குவார்ட்ஸில் கீறல் விழாது. பளிங்குக்கல்லில் உள்ள கால்சைட் 3தான், சுலபமாகக் கீறும். எலுமிச்சைச் சாறு பட்டாலும் அரிக்கும்.

கனிமங்களின் வகைப்பாடு வேதியியல்படிதான். கிரானைட்டில் பார்த்த மூன்றும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கேட்டுகள்; கால்சைட், கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பனேட்.

சரி, கிரானைட்டில் மணிகள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன? பாறைக்குழம்பு பூமிக்கடியில் மிக மெதுவாக ஆறியதால் படிகங்கள் வளர நேரம் கிடைத்தது. அதே குழம்பு மேலே வந்து சட்டென்று ஆறினால் மணிகள் கண்ணுக்கே தெரியாத ரையோலைட் என்ற பாறை ஆகிவிடும். அப்புறம், கடையில் ‘கருப்பு கிரானைட்’ என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் போன்ற வேறு பாறை.