அம்மா அப்பாவ எந்த ஃப்ரீ கேம்புக்கு கூட்டிட்டு போகணும்?

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. திருப்பத்தூர்ல இருந்த அம்மா அப்பா இப்ப அவங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. அப்பாவுக்கு 67 வயசு, பன்னெண்டு வருஷமா சுகர், மாத்திரை மட்டும் தான். அம்மாவுக்கு 61, "எனக்கு ஒண்ணும் இல்லடி"ன்னு சொல்லியே இதுவரைக்கும் ஒரு டெஸ்ட்டும் எடுத்ததில்ல. செப்டம்பர் கடைசில இருந்து நவம்பர் வரைக்கும் வாட்ஸப்ல இலவச கேம்ப் மெசேஜா வந்து குவியுது, ஹார்ட் கேம்ப், கண் கேம்ப், எலும்பு கேம்ப், ரத்த தான கேம்ப்னு, இதுல எதுக்கு போறது, வெறும் வயித்தோட போகணுமா, இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க ஆள் பிடிக்கிற வேலையா, வீட்டுக்காரர் ரத்தம் குடுக்கலாமான்னு கேக்குறாங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எல்லா கேம்புக்கும் போக வேண்டாம். யாருக்கு என்ன தேவைன்னு பாத்து ரெண்டோ மூணோ போனா போதும். இந்த சீசன்ல இவ்ளோ கேம்ப் வர்றதுக்கு காரணம் காலண்டர் தான். செப்டம்பர் 29 உலக இதய தினம், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான தினம், அக்டோபர் ரெண்டாவது வியாழக்கிழமை உலக பார்வை தினம், அக்டோபர் முழுக்க மார்பக புற்றுநோய் விழிப்புணர்வு மாசம், நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். நடுவுல நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவா வேற, கொடியேத்துற இடத்துலயே ரத்த தான கேம்பும் போட்டுடுவாங்க. பெரும்பாலும் இந்த தேதிங்கள ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமைல தான் நடக்கும், அதனால இப்பவே காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். சுகர் கேம்ப்னு போர்டு பாத்ததும் அவர தான் முதல்ல கூட்டிட்டு போக தோணும், ஆனா விரல்ல குத்தி சுகர் மட்டும் பாக்குற கேம்பால அவருக்கு பெருசா பிரயோஜனம் இல்ல. சுகர் இருக்குன்னு பன்னெண்டு வருஷமா தெரியும், திரும்ப ஒருத்தர் குத்தி 214ன்னு சொன்னா அதுல புதுசா என்ன தெரிஞ்சுக்க போறோம்? அவருக்கு தெரிய வேண்டியது வேற, இந்த பன்னெண்டு வருஷத்துல சுகர் கண்ணையும் கிட்னியையும் கால் நரம்பையும் என்ன பண்ணி வச்சிருக்குன்னு. இந்த மூணுமே ஆரம்பத்துல வலிக்காது, ஒண்ணுமே காட்டாது, அதான் பயமே. அதனால கேம்ப் நடத்துறவங்களுக்கு போன் பண்ணி மூணு கேள்வி கேளுங்க: விழித்திரை போட்டோ எடுக்கறீங்களா, யூரின்ல ஆல்புமின் (கிட்னி கெட்டா கசியுற புரதம்) பாக்கறீங்களா, பாதத்துல உணர்ச்சி டெஸ்ட் பண்றீங்களா. மூணுல ரெண்டுக்கு ஆமான்னா அந்த கேம்ப விடாதீங்க, வெளியில தனித்தனியா பாத்தா நல்ல செலவு ஆகும்.

பாதம் டெஸ்ட் எப்படின்னா, மோனோஃபிலமெண்ட்னு மெல்லிசா ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்துல வளைஞ்சிடும். கண்ண மூட சொல்லிட்டு கட்டைவிரல் அடியிலயும் பாதத்துல முன்பக்கமும் அத லேசா அழுத்தி, தெரியுதான்னு கேப்பாங்க. அப்பா கண்ண மூடிட்டு "எப்ப வைப்பீங்க?"ன்னு கேட்டார்னா, அதுக்கு முன்னாடியே மூணு தடவ வச்சு எடுத்திருப்பாங்க. அப்படி ஆச்சுன்னா அன்னிக்கே அவருக்கு செருப்பு மாத்தணும், வீட்டுக்குள்ளயும் வெறுங்கால்ல நடக்க கூடாது, தினமும் ராத்திரி நீங்களே உள்ளங்கால பாக்கணும். சுகர் நம்பர விட இது பெரிய சேதி.

கண் டெஸ்டுக்கு சொட்டு மருந்து விடுவாங்க, அதுக்கப்புறம் நாலஞ்சு மணி நேரம் பார்வை மங்கலா இருக்கும், வெயில் கூசும், ஸ்கூட்டர் ஓட்டவே கூடாது, கூட ஒரு ஆள் போகணும். புரை இருக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னா பயப்படாதீங்க, ஆனா ஆபரேஷன் ஆஸ்பத்திரியில தான் நடக்கணும், கேம்ப் நடக்குற மண்டபத்துலயோ ஸ்கூல்லயோ பண்றோம்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. கேம்ப் கிடைக்கலன்னாலும் கவலை இல்ல, கே.ஆர்.மார்க்கெட் பக்கத்துல மிண்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கு, 1896ல ஆரம்பிச்ச கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, நேரா அங்கயே போகலாம்.

வெறும் வயிறு விஷயம் முக்கியம். ஃபாஸ்டிங் டெஸ்ட் இருந்தா மட்டும் தான் எட்டு மணி நேரம் சாப்பிடாம போகணும், தண்ணி குடிக்கலாம். மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்டுக்கு பட்டினி தேவையே இல்ல. ஃபாஸ்டிங்னா காலைல சுகர் மாத்திரைய போட்டுட்டு சாப்பிடாம கிளம்பிடக் கூடாது, க்யூவுல நிக்கும்போதே சுகர் இறங்கி வேர்த்து கொட்டி விழுந்துடுவாங்க. மாத்திரையையும் ரெண்டு இட்லியையும் பையில எடுத்துட்டு போங்க, ரத்தம் எடுத்ததும் ரெண்டும் உள்ள போகட்டும். பிபி மாத்திரை இருந்தா அத மட்டும் தண்ணியோட வழக்கம் போல போட்டுடலாம்.

கோயில் மண்டபத்துல கேம்ப்னா இன்னொண்ணு. பிரசாதமோ வாழைப்பழமோ தொட்ட கையோட விரல நீட்டினா மெஷின்ல சுகர் ஏகத்துக்கு ஏறி காட்டும், ஸ்பிரிட் பஞ்சால துடைச்சா மட்டும் அந்த இனிப்பு முழுசா போகாது, குழாய்ல சோப்பு போட்டு கழுவி துடைச்சிட்டு தான் உக்காரணும். குத்துற ஊசி புதுசான்னு கண்ணால பாருங்க, கேக்க கூச்சப்படாதீங்க.

அம்மாவுக்கு தான் கேம்ப் உண்மையிலயே உதவும், ஏன்னா அவங்களுக்கு என்ன இருக்குன்னே யாருக்கும் தெரியாது. பிபி, சுகர், ஹீமோகுளோபின், கண்ணு, மார்பக பரிசோதனை, வெத்தல பாக்கு புகையிலை பழக்கம் இருந்தா வாய் பரிசோதனை. வாய் பாக்க ஒரு டார்ச் போதும், வெள்ளை படலமோ ஆறாத புண்ணோ வாய் திறக்க கஷ்டமோ இருந்தா பல் டாக்டரே கண்டுபிடிச்சிடுவார். மார்பக பரிசோதனைக்கு தனி ரூமும் லேடி டாக்டரோ நர்ஸோ இருக்கணும், ஷாமியானாவுக்குள்ள ஒரு சேலைய மறைவா கட்டி பாக்குற இடத்துல வேண்டாம்னு சொல்ல அம்மாவுக்கு முழு உரிமை இருக்கு. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு கேம்ப்ல வினிகர் தடவி பாக்குற டெஸ்ட் மாதவிடாய் நின்னு வருஷக்கணக்கானவங்களுக்கு அவ்ளோ சரியா சொல்லாது, அவங்களுக்கு கர்ப்பப்பை வாய்ல இருந்து செல் எடுத்து பாக்குற பாப் ஸ்மியரோ, அந்த கேன்சருக்கு காரணமான வைரஸ தேடுற ஹெச்பிவி டெஸ்ட்டோ தான் நல்லது, அத கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கே போய் எடுத்துடுங்க.

பிபி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் கேம்ப்ல உக்காரும்போதெல்லாம் தப்பா எடுக்கப்படுற டெஸ்ட் இது தான். ஒரு மணி நேரம் க்யூ, நடுவுல ஒரு டீ, வந்து உக்காந்த உடனே கைய பிளாஸ்டிக் சேர்ல தொங்க விட்டுட்டு, புடவை ப்ளவுஸ் மேலயே பட்டைய சுத்தி, பக்கத்து வீட்டு அக்காகிட்ட பேசிக்கிட்டே எடுத்தா 160 காட்டாம என்ன செய்யும்? அஞ்சு நிமிஷம் பேசாம சாஞ்சு உக்காரணும், கால் ரெண்டும் தரையில, கை நெஞ்சு மட்டத்துக்கு மேசை மேல, அரை மணி நேரம் முன்னாடி வரைக்கும் டீ காபி கூடாது, ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வந்துடணும். அப்படி ரெண்டு தடவ எடுத்தும் 140க்கு 90 தாண்டுச்சுன்னா அடுத்த வாரம் உங்க ஏரியால இருக்குற 'நம்ம கிளினிக்'ங்கற கவர்மெண்ட் கிளினிக்குல வேற ரெண்டு நாள் எடுத்து பாருங்க, அங்க டாக்டரும் மருந்தும் ஃப்ரீ. 180க்கு 120 தாண்டி நெஞ்சு வலி, மூச்சு திணறல், கை கால் மரத்து போறது, பேச்சு குளறல் எதுவாவது இருந்தா அது கேம்ப் சமாச்சாரமே இல்ல, 108க்கு போன் போடுங்க.

ஹார்ட் கேம்ப்ல ஈசிஜி நார்மல்னு வந்தா நிம்மதியா இருக்கும், ஆனா படுத்துட்டு எடுக்குற ஈசிஜி நார்மலா இருக்கறதால ரத்தக்குழாய் அடைப்பே இல்லன்னு அர்த்தம் ஆகாது. அப்பாவுக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்குது, நின்னா சரியாயிடுதுன்னா எந்த கேம்புக்கும் காத்திருக்காம ஜெயதேவா ஹார்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, இப்ப மெட்ரோ மஞ்சள் லைன்ல அந்த பேர்லயே ஸ்டேஷன் இருக்கு.

எலும்பு கேம்ப்ல குதிகால்ல மெஷின் வச்சு ஒரு ஸ்கோர் சொல்லுவாங்க. அது ஒரு முதல் சல்லடை, அவ்ளோ தான். அத வச்சு அம்மாவுக்கு உடனே ஊசி மருந்து ஆரம்பிக்கறதோ பக்கத்து டேபிள்ல விக்கிற கால்சியம் பவுடர் டப்பாவ வாங்கறதோ வேண்டாம், சந்தேகம் இருந்தா எலும்பு அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்துட்டு முடிவு பண்ணலாம். அதே மாதிரி ஒரே ரத்த டெஸ்டுல எல்லா கேன்சரும் தெரியும்னு ட்யூமர் மார்க்கர் பேக்கேஜ் விப்பாங்க, எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கு அது வீண் செலவும் வீண் பயமும் தான்.

ஆள் பிடிக்கிறாங்களான்னு கேட்டிருக்கீங்க, சில இடத்துல ஆமா. ஆனா தனியார் ஆஸ்பத்திரி நடத்துதுன்னே ஒதுக்கிட வேண்டாம், நல்ல டாக்டருங்க ஞாயித்துக்கிழமை லீவ விட்டுட்டு வந்து உக்கார்றாங்க. ரிசல்ட்ட எழுத்துல, டாக்டர் பேரு ரிஜிஸ்டர் நம்பரோட குடுக்கறாங்களா, ஏதாவது கண்டுபிடிச்சா எங்க வேணாலும் போய் பாருங்கன்னு சொல்றாங்களா, இத பாருங்க. பேப்பர் குடுக்காம "நாளைக்கே எங்க பிராஞ்சுக்கு வாங்க, டிஸ்கவுண்ட் இன்னிக்கு மட்டும் தான்"னு அவசரப்படுத்தினா கிளம்பிடுங்க. ஆதார் ஓடிபி கேட்டு ஆபா நம்பர் போட்டு தர்றோம்னு சொல்லுவாங்க, அது 14 இலக்க ஹெல்த் நம்பர், அது வேற, 5 லட்சம் வரைக்கும் சிகிச்சைக்கான ஆயுஷ்மான் கார்டு வேற. ஆபா இல்லாமலும் டெஸ்ட் பண்ணிக்கலாம், எதுக்குன்னு சொல்லாம கேட்டா ஓடிபி குடுக்காதீங்க.

போகும்போது பழைய சீட்டு மட்டும் இல்ல, மாத்திரை அட்டையையே எடுத்துட்டு போங்க. "காலைல வெள்ளை ஒண்ணு, ராத்திரி ரோஸ் ஒண்ணு"ன்னு அப்பா சொன்னா டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொரு ஆபத்து, கேம்ப்ல பத்து நாளைக்கு இலவச மாத்திரை குடுப்பாங்க, அது வேற கம்பெனி பேர்ல, அப்பா ஏற்கனவே போடுற அதே சுகர் மருந்தா, மெட்ஃபார்மின் மாதிரி, இருக்கலாம், அப்பா வீட்ல இருக்கறதையும் போட்டு இதையும் சேத்து போட்டுடுவார். அட்டைல சின்ன எழுத்துல இருக்குற மருந்து பேர ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு பாருங்க. கேம்ப்ல ஒரே ஒரு தடவ பாத்த சுகர வச்சு டோஸ ஏத்தி இறக்க வேண்டாம், வழக்கமா பாக்குற டாக்டர்கிட்ட அந்த பேப்பர காட்டிட்டு மாத்திக்கலாம்.

உங்க வீட்டுக்காரர் தாராளமா ரத்தம் குடுக்கலாம். 18ல இருந்து 65 வயசுக்குள்ள, எடை குறைஞ்சது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். ஆம்பளைங்களுக்கு 90 நாளைக்கு ஒரு தடவ, பொம்பளைங்களுக்கு 120 நாளைக்கு ஒரு தடவ, நீங்களும் குடுக்கலாம். 350 மில்லி எடுப்பாங்க, 55 கிலோவுக்கு மேலன்னா 450 வரைக்கும். சமீபத்துல பச்சை குத்தியிருந்தாலோ, இந்த மழைக்காலத்துல டெங்கு வந்து குணமாகியிருந்தாலோ ஃபாரம்ல மறைக்காம எழுதணும், வாங்கிக்கறவங்க உசுரு அதுல இருக்கு. எந்த பிளட் சென்டர் எடுக்குதுன்னு கேட்டு டோனர் கார்டு வாங்கி வச்சுக்கோங்க. இதுக்கு மட்டும் வெறும் வயித்தோட போகவே கூடாது, நல்லா டிஃபன் சாப்ட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு போகச் சொல்லுங்க, குடுத்து முடிச்சதும் பத்து பதினஞ்சு நிமிஷம் அங்கயே உக்காந்துட்டு தான் வண்டி எடுக்கணும்.